பாத்திரம் கழுவும் முறை யாருடையது?

துறவற இல்லமோ ஊழியர் குடியிருப்போ, ஒரே கூரையின் கீழ் வாழும் கிறிஸ்தவக் குழு திரித்துவக் கோட்பாட்டில் முட்டிக்கொண்டு பிரிந்தது என்பது அபூர்வம். கழுவாமல் கிடந்த பாத்திரம், அணைக்காமல் விட்ட விளக்கு, மூன்றாவது முறையாக ஜெபத்துக்குத் தாமதமாக வந்தவர்: பெரும்பாலும் ஆரம்பம் இவ்வளவுதான். விசுவாசிகள் நடுவில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன எரிச்சலைச் சொன்னால் அன்பில் குறைந்தவர் ஆகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அது வேறு உருவத்தில், கூடவே ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும்.

எருசலேம் சபையே இதற்குத் தப்பவில்லை. அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் 'ஒரே இருதயமும் ஒரே மனமும்' உள்ளவர்களாக இருந்தவர்கள், 6-ஆம் அதிகாரத்தில் முறுமுறுக்கிறார்கள். அன்றாட விசாரணையில், அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனதுதான் காரணம். அப்போஸ்தலர்கள் அதற்கு அன்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குறை யார் பக்கமிருந்து எழுந்ததோ, பந்தி விசாரணையும் அந்தப் பக்கத்தார் கைக்கே போயிருக்கிறது என்று படிப்பதற்கு இடமிருக்கிறது. இன்றைய எத்தனை இல்லங்களுக்கு அந்தத் துணிச்சல் உண்டு?

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கில் 73 அதிகாரங்கள் உள்ளன. 35-ஆவது, சமையலறைப் பணியைப் பற்றியது. நோயோ, வேறு முக்கியமான வேலையோ இருந்தாலொழிய எல்லோரும் வாரமுறைப்படி அதைச் செய்ய வேண்டும். முறை முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துவாலைகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சேதமில்லாமல் பண்டகப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பார். அவர் எண்ணிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுப்பார். பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் அப்பமும் பானமும் கூடுதலாகக் கிடைக்கும், முறுமுறுக்காமல் பணி செய்வதற்காக. பசித்த வயிறோடு பரிமாறுகிறவர் சிடுசிடுப்பார் என்பது பெனடிக்டுக்குத் தெரிந்திருந்தது.

வேலை முறையை இந்த அளவுக்கு எழுதி வைத்தால் பாதிச் சண்டை குறையும். 'ஆளுக்கொரு கை கொடுப்போம்' என்று விட்டால் நடப்பது என்ன? எப்போதும் அதே இரண்டு பேர் கழுவுவார்கள், மற்றவர்கள் அவர்களுடைய தாழ்மையைப் பாராட்டுவார்கள். சுவரில் ஒட்டும் பட்டியலில் பெயர், நாள், எது வரை செய்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்குச் சுத்தம் என்றால் பாத்திரம் மட்டும், இன்னொருவருக்கு அடுப்பும் தரையும் சேர்த்து. தலைவரின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

வாரக் கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வேலை விஷயத்தையும் மனத்தாங்கலையும் ஒரே அமர்வில் கலந்தால் இரண்டும் கெடும். கடைசியாக வந்தவர் முதலில் பேசட்டும். இளையவருக்கே ஆண்டவர் பலமுறை நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று பெனடிக்டும் எழுதியிருக்கிறார். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. குறை சொல்லும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். 'செவ்வாயும் வியாழனும் கதவு பூட்டப்படவில்லை' என்றால் பதில் வரும். 'உங்களுக்குப் பொறுப்பே கிடையாது' என்றால் சண்டைதான் வரும்.

எங்கள் அனுபவத்தில் மிக நாசூக்கான விஷம் ஜெபக்குறிப்பு. 'அவருக்காக ஜெபிச்சுக்குங்க, மனசு சரியில்ல போல' என்று பத்துப் பேரிடம் போகும் செய்தி, ஜெப உடை போட்ட புறங்கூறல். ஜெர்மானிய லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டில் நடத்திய குருத்துவப் பயிற்சி இல்லத்தில், எதிரில் இல்லாத சகோதரரைப் பற்றிப் பேசக்கூடாது, தவறிப் பேசினால் அதை அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தார். கடைப்பிடிக்கக் கடினம், ஆனால் ஒரு வாரம் முயன்றாலே இல்லத்தில் பேச்சு எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

சகோதரன் குற்றம் செய்தால், மத்தேயு 18 முதலில் அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லச் சொல்கிறது, அடுத்து ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபையிடம். வரிசையை மாற்றினால், முதலிலேயே தலைவரிடம் போனால், குற்றம் செய்தவர் திருந்துவதற்குப் பதில் யார் கோள் சொன்னது என்று தேடுவார். ஆனால் இது சமமானவர்களுக்கு இடையிலான வழி. அதிகாரத்தில் இருப்பவர் கீழே இருப்பவரைத் துன்புறுத்தினால், பாதிக்கப்பட்டவரைத் தனியாக அவரிடம் அனுப்புவது கொடுமை. அங்கே வெளியாள் வேண்டும், தேவைப்பட்டால் சட்டமும் வேண்டும். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துவது பெரும்பாலும் இல்லத்தின் பெயரைக் காப்பாற்றத்தான்.

பணத்தில் சொல்ல அதிகமில்லை: இரண்டு பேர் கையெழுத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு, ஆளுக்கு ஒரு சிறு தொகை கேள்வி கேட்காமல்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் போவார்கள். மாற்கை ஊழியப் பயணத்துக்குக் கூட்டிப்போவதா என்ற வாக்குவாதத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்து வேறு வேறு திசையில் போனார்கள். அதனால் வெளியேறும் முறையையும் சேரும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. பெனடிக்டின் ஒழுங்கில், புதியவர் கழற்றிய உடை பண்டக அறையில் பத்திரமாக வைக்கப்படும். போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போகலாம். தன் குற்றத்தால் போனவர் திருந்தி வந்தால் சேர்த்துக்கொள்வார்கள், மூன்று முறை வரை. உட்காரும் இடம் மட்டும் கடைசி வரிசையில்.