டிரெடிஷனல் கிரிப்: குச்சி தங்கும் இடம் கட்டைவிரல் கவட்டை

டிரம் குச்சியை வலது கை மேலிருந்தும் இடது கை கீழிருந்தும் பிடிப்பதுதான் டிரெடிஷனல் கிரிப். அதைப் பழக உட்காருகிறவர்கள் இடது கையில் எந்த விரல் மேலே, எந்த விரல் கீழே என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் குச்சியைப் பிடித்திருப்பது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை. மற்ற விரல்களுக்குக் காவல் வேலைதான்.

அதனால் விரல்களை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். கைகுலுக்கப் போவது போல இடது கையை நீட்டி, குச்சியைக் கவட்டையின் அடி வரை தள்ளி வையுங்கள். 16 அங்குலக் குச்சியானால் பின்முனையிலிருந்து சுமார் 5 அங்குலத்தில் கவட்டை வர வேண்டும். கட்டைவிரலைச் சாய்த்து மூடுங்கள். வேறு விரல் எதுவும் தொடாமல் குச்சியைப் பிராக்டீஸ் பேடில் (பயிற்சிக்கான ரப்பர் பலகை) விழவிட்டால் நாலைந்து முறையாவது தானே துள்ள வேண்டும். ஒரே அடியில் செத்துப்போனால் கட்டைவிரல் நெரிக்கிறது. நழுவி ஓடினால் குச்சி கவட்டையின் அடியில் இல்லை.

இது வந்தபின் மோதிரவிரலை மடக்கிக் கீழே கொடுங்கள். நகக்கண்ணுக்கும் முதல் மூட்டுக்கும் இடையில் குச்சி படியட்டும். சுண்டுவிரல் அதற்கு முட்டுக்கொடுக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குச்சியின் மேல் லேசாக வளைந்திருக்கும். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் முதல் மூட்டருகே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேகம் கூடும்போது முதலில் திறந்துகொள்வது இந்த இணைப்புதான். திறந்ததும் குச்சி ஆடும், ஆட்டத்தை அடக்க மோதிரவிரல் அழுத்தும், துள்ளல் போய்விடும்.

அடிப்பது முன்கையின் சுழற்சியில். பூட்டில் சாவியைத் திருப்புகிற அசைவு: உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பினால் குச்சி நுனி எழும், திரும்பி வந்தால் விழும். கண்ணாடி முன் பாருங்கள். முழங்கை மேலும் கீழும் போனால் சுழலவில்லை என்று அர்த்தம். மணிக்கட்டு உள்பக்கம் மடிந்திருந்தாலும் சுழற்சி பாதியில் நின்றுவிடும்.

டிரம்மின் சாய்வை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பட்டாளத்து டிரம் வலது தோளிலிருந்து வாரில் தொங்கி இடது தொடைமேல் சாய்ந்து கிடந்தது. இடது விளிம்பு உயரம். மேலிருந்து அடிக்க முழங்கையைத் தூக்க வேண்டும் என்பதால்தான் கை கீழிருந்து பிடித்தது. ஸ்டாண்டில் மட்டமாக வைத்த ஸ்நேரில் (டிரம் செட்டில் கால்களுக்கு நடுவே இருக்கும் டிரம்) அந்தக் காரணமே இல்லை. 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இரு கையும் ஒரே மாதிரி பிடித்து டிவியில் வாசித்ததை உலகமே பார்த்தது. மேட்ச்டு கிரிப் எனப்படும் அந்தப் பிடி அதன்பின் வேகமாகப் பரவியது. ஆகவே 'ஜாஸ் என்றால் டிரெடிஷனல் கிரிப்தான்' என்பதெல்லாம் வெறும் பேச்சு. உங்களுக்கு விருப்பமென்றால் பழகுங்கள், அது போதும். ஆனால் ஸ்நேரின் இடது விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தி வலப்பக்கம் சாய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் குச்சி ரிம்மில், அதாவது டிரம்மின் விளிம்பு வளையத்தில், இடித்துக்கொண்டே இருக்கும்.

பயிற்சிக்கு மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 பீட். ஒரு பீட்டுக்கு இரண்டு அடி, இடது கை மட்டும், இரண்டு நிமிடம், பிறகு ஓய்வு. எல்லா அடியும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் மட்டும் மெட்ரோனோமை நாலு நாலாகக் கூட்டுங்கள். ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி அடிக்கும் டபுள் ஸ்ட்ரோக்குக்கு அவசரம் வேண்டாம்: முதல் அடி சுழற்சி, இரண்டாவது துள்ளல், கட்டைவிரல் கொஞ்சம் இறுகினாலும் இரண்டாவது அடி மெலிந்துவிடும்.

மோதிரவிரல் ஓரத்திலும் கவட்டையிலும் தோல் எரிந்து காய்ப்பது இயல்பு. கட்டைவிரலின் அடிச்சதை வலித்தால் அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்த நாள் விரல்கள் இல்லாத அந்த முதல் துள்ளலிலிருந்து தொடங்குங்கள்.