மழை பெய்தால் கூலி இல்லை, வாடகை மட்டும் உண்டு

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவுக்குச் செர்ரி பறிக்கப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வேலை வாங்கித் தருகிற ஆளே தங்க இடமும் தருகிறேன் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். விசா, விமானம், தங்குமிடம், சம்பளம் என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். அந்த ஹாஸ்டல்காரர் மேல் உள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வரிசை முன்பின்னாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரெல்லாம் போகலாம் என்பது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், கோடை விடுமுறையில் அந்தக் கணக்கு கிடையாது. அதனால் டிசம்பர் பிறந்தால் மெல்போர்னில் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே நாலு கடைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்தே நேராக வர நினைப்பவர்களுக்கு 2024 முதல் இன்னொரு வழி திறந்திருக்கிறது. வேலையும் சுற்றுலாவும் சேர்ந்த 462 விசா. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1000 இந்தியர்களுக்கு மட்டும், அதுவும் குலுக்கலில். பெயர் கொடுக்க 25 டாலர் கட்டணம். கொடுத்து வையுங்கள், ஆனால் பெயர் வரும் என்று நம்பிப் பார்க்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

மெல்போர்னில் படிக்கிற எனக்குப் பெரிய கவலை இங்கே இருக்கிற என் அறை. நான் டாஸ்மேனியாவில் இருந்தாலும் இங்கே வாடகை ஓடும். இரண்டு இடத்தில் வாடகை கட்டினால் செர்ரி பறித்து என்ன, தங்கமே பறித்தாலும் மிஞ்சாது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, புதிதாக வந்திருந்த ஒரு நேபாள மாணவிக்கு அறையை உள்வாடகைக்கு விட்ட பிறகுதான் விமான டிக்கெட்டே போட்டேன். கூட வந்தது நாகர்கோவில் தோழி. நான் திண்டுக்கல்.

டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட் விமான நிலையத்தில் இறங்கியதும் நம்மை வரவேற்பது மோப்ப நாய். டாஸ்மேனியாவுக்குள் வெளியிலிருந்து பழம், காய்கறி, செடிகொடி எதையும் கொண்டுபோக முடியாது, மெல்போர்னிலிருந்து வந்தாலும்தான். பூச்சியும் நோயும் நுழைந்துவிடக்கூடாது என்று அத்தனை கெடுபிடி. தோழியின் பையில் ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்று இருந்தது. நாய் பையருகே வந்து அமைதியாக உட்கார்ந்தது. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், மரியாதையாகத்தான் தொட்டியில் போட்டார். "ஏட்டி, மூணு டாலர் கறிவேப்பிலைடீ" என்று அவள் பேருந்து ஏறும்வரை புலம்பினாள்.

ஹோபார்ட்டில் எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று. நகரத்தின் தெற்கே ஒரு மலைச்சரிவில் வெள்ளையடித்த கற்களால் 'கீன்ஸ் கறி' என்று ஆங்கிலத்தில் பிரம்மாண்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1860-களில் இங்கே பக்கத்து ஊரில் ஜோசப் கீன் என்பவர் தயாரிக்கத் தொடங்கிய கறிப்பொடிக்கான விளம்பரம். நூறு வருடத்துக்கு மேலாக மலையிலேயே நிற்கிறது. உலகத்தின் தென்கோடியில் ஒரு மலையே மசாலாப் பொடிக்கு விளம்பரம் செய்கிறது என்றதும் ஊர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

அங்கிருந்து நாங்கள் வேலைக்குப் போன ஹ்யூவான்வில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஹ்யூவான் ஆற்றங்கரை, இரண்டு பக்கமும் ஆப்பிளும் செர்ரியும். சாலையோரத்தில் ஆளே இல்லாத பழக்கடைகள்: பழத்தை எடுத்துக்கொண்டு, காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். இந்த ஊரில் யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று தோழியிடம் சொன்னேன். அன்று மாலையே ஹாஸ்டல்காரரைச் சந்தித்தோம்.

தொலைபேசியில் அவர் பேச்சு தேனாக இருந்தது. வேலை உறுதி, படுக்கை உறுதி, வண்டி உறுதி. வாரத்துக்கு 230 டாலர், பாண்ட் என்ற முன்பணம் 300 டாலர், குறைந்தது நான்கு வாரம் தங்கவேண்டும். நேரில் பார்த்தால் ஒரு பழைய வீட்டின் வரவேற்பறையைப் பலகை வைத்துத் தடுத்து எட்டுப் பேருக்கு அடுக்குக் கட்டில். பெண்கள் அறை என்றார், ஆனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை. வீடு முழுக்கச் சேர்த்து இரண்டு குளியலறை, நான்கு அடுப்பு உள்ள ஒரு சமையலறை. அடுப்பில் வேலை செய்தது இரண்டு. தைவான் பெண் ஒருத்தி நூடுல்ஸ் வேகும்வரை காத்திருந்து, பிறகு நாங்கள் சோறு வைத்து, ரசம் கொதிக்கும்போது பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் வாணலியோடு நிற்பார். கோடை என்று பெயர்தான், விடியற்காலையில் குளிர் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். ஹீட்டர் உண்டா என்று கேட்டால், "கோடையில் எதற்கு?" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டியைத்தான் பொறுக்க முடியாது. ஹாஸ்டலிலிருந்து தோட்டத்துக்குக் கால் மணி நேரப் பயணம். அதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். நம் பணத்தில் எழுநூறு ரூபாய்! அந்தக் காசுக்குத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் எத்தனை தடவை போய்வரலாம் என்று கணக்குப் போட்டே எனக்கு வயிறு எரிந்தது. அதிகாலையில் பின்னிருக்கையில் பெல்ட் வேலை செய்யாத வேனில் ஏற்றி, தோட்டத்து வாசலில் இறக்கிவிடுவார்கள். ஒருநாள் நாங்கள் இறங்கும்போதே மழை. வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்ல, அதே வேனில் அப்படியே திரும்பினோம். மாலையில் கணக்கு நோட்டில் பார்த்தால் அன்றைக்கும் 12 டாலர். நடந்தே வந்திருக்கலாமே என்றால், நெடுஞ்சாலையில் நடப்பது ஆபத்து என்று ஓட்டுநர் எங்களுக்குப் புத்தி சொன்னார். பாதுகாப்பில் அத்தனை அக்கறை!

மழைதான் இந்தத் தொழிலின் ராஜா. பழுத்த செர்ரியின் காம்புக்குழியில் நீர் தேங்கினால், பழம் அதை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். வெடித்த பழம் ஏற்றுமதிக்கு ஆகாது. அதனால் மழை விட்டதும் ஹெலிகாப்டர் வந்துவிடும். கதையில்லை, நிஜமான ஹெலிகாப்டர். மரங்களுக்கு மேலே தாழ்வாக, வரிசை வரிசையாக மெதுவாகப் பறந்து, விசிறிக் காற்றால் பழத்தில் நிற்கிற நீரை உதறிவிடும். கீழே கிளைகள் எல்லாம் பேயாட்டம் ஆடும். நாங்கள் வேலியோரம் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் அதைப் பறக்கவிட என்ன செலவாகுமோ, நம் ஒருநாள் கூலியில் கை வைக்கிறார்களே என்று தோழிக்குக் கோபம். எனக்குக் காட்சி பிடித்திருந்தது.

பறிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. தோளில் வாரோடு வயிற்றுக்கு முன்னால் வாளி தொங்கும். பழத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது, காம்போடு வரவேண்டும். காம்பு முளைக்கிற இடத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மேல்நோக்கி ஒரு சின்னத் திருப்பு. பக்கத்திலேயே அடுத்த வருடப் பழத்துக்கான மொட்டு உட்கார்ந்திருக்கும், அதைப் பிய்த்தால் மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். இலை சேரக்கூடாது, இரட்டைப்பழம் சேரக்கூடாது, பழத்தில் விரல் அழுந்தக்கூடாது. வனுவாட்டு, கிழக்குத் திமோர் நாடுகளிலிருந்து வருடா வருடம் அரசுத் திட்டத்தில் வருகிறவர்கள் நாங்கள் ஒரு வாளி நிரப்புவதற்குள் மூன்று நிரப்பிவிடுவார்கள். மூன்றுகால் ஏணியை ஒரு கையால் தூக்கி அடுத்த மரத்துக்கு வைப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் பெரிய பழமெல்லாம் விமானம் ஏறிவிட வேண்டும், அதனால் ஜனவரியில் எல்லாருக்கும் அவசரம்.

இப்போது சம்பளம். இதைக் கவனமாகப் படியுங்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், 2022 ஏப்ரல் முதல் ஆஸ்திரேலியத் தோட்ட வேலையில் மணிக்கூலிக்குக் கீழே போக முடியாது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோமோ அதற்குக் குறைந்தபட்ச மணிக்கூலி வந்தே ஆகவேண்டும். நிரந்தரமில்லாத ஆட்களுக்கு 25 சதவீதம் கூடுதலும் உண்டு, ஆக மணிக்கு முப்பது டாலருக்குக் குறையாது. பெட்டிக்கூலி என்ன என்பதை எழுத்தில் தரவேண்டும். எழுத்தில் நம் சம்மதம் வாங்காமல் சம்பளத்தில் வாடகையைப் பிடிக்கவும் கூடாது. எங்கள் கான்ட்ராக்டர், அதாவது அதே ஹாஸ்டல்காரர், பெட்டியை மட்டும் எண்ணினார், மணியைப் பார்க்கவே இல்லை. வாடகையையும் வண்டிக்காசையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டார். முதல் வாரம் மழை வேறு. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது. "இவன் நம்மள வச்சு நல்லா செய்யுதான்டி" என்றாள் தோழி. வாடகையும் வேலையும் ஒரே கையில் இருப்பதன் சூட்சுமம் இதுதான். வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டால் படுக்கை போய்விடும் என்ற பயத்தில் அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நாங்கள் திறந்தோம். ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்துக்கு அழைத்தால் இலவசமாகப் பேசலாம், ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பேச்சு காதில் விழுந்ததுமே கான்ட்ராக்டர் குரல் இறங்கி, முதல் வாரப் பாக்கியில் பாதியைத் தந்தார். அதற்குமேல் அங்கே இருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை.

ஊர் சூப்பர் மார்க்கெட்டின் அறிவிப்புப் பலகையில், பூனை காணவில்லை என்ற சீட்டுக்கும் பழைய டிராக்டர் விற்பனைக்கும் நடுவே, கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு: அறை வாடகைக்கு, இரண்டு பேர் தங்கலாம், சிகரெட் கூடாது. சிக்னெட் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. இருவருக்கும் சேர்த்தே வாரம் 260 டாலர்தான், பாண்ட் கிடையாது, ஹீட்டர் உண்டு! தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். பக்கத்துத் தோட்டத்துக்கு நாங்களே நடந்துபோய்க் கேட்டோம். ஆட்கள் சிலர் அப்போதுதான் கிளம்பியிருந்ததால் மறுநாளே வரச்சொன்னார்கள். அங்கே ஒழுங்கான ஒப்பந்தம், ஒழுங்கான சம்பளச் சீட்டு. என் பெட்டிகள் குறைந்த நாட்களில் மணிக்கூலிக்கு எவ்வளவு துண்டு விழுந்ததோ அதைத் தனி வரியில் போட்டு நிரப்பியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்த முதல் முழுச் சம்பளத்தில்தான் ஸ்காலப் பை சாப்பிட்டது. டாஸ்மேனியாவுக்குப் போய் இதைச் சாப்பிடாமல் வரக்கூடாது. மொறுமொறுப்பான மாவுக்கூட்டுக்குள் மஞ்சள் நிறக் கறிக்குழம்பு, அதில் கொழுகொழுவென்று சிப்பிச் சதை. நம் நாக்குக்குக் காரம் பத்தாது, மிளகு தூவிக்கொள்ளலாம். பேக்கரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் வழிய வழிய ஆளுக்கொன்று தின்றோம். தோழி இன்னொன்று வாங்கப் போனாள். பட்ஜெட்டை ஞாபகப்படுத்தினேன், என் பங்குக்கும் சேர்த்தே வாங்கி வந்தாள்.

விட்டுப்போனவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தோட்டங்கள் அக்டோபர், நவம்பரிலேயே தங்கள் இணையதளத்தில் விண்ணப்பம் வாங்குகின்றன, நேராக அங்கேயே போடுங்கள். வரி எண் வாங்க அரசுக்குக் காசு கட்டவேண்டியதில்லை. வாங்கித் தருகிறேன் என்று ஐம்பது டாலர் கேட்பவரை நம்பாதீர்கள். அது இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் உச்சபட்ச வரி பிடிப்பார்கள். முதலாளி நம் பெயரில் ஓய்வூதியக் கணக்கில் 12 சதவீதம் கட்டவேண்டும், ஆஸ்திரேலியாவை விட்டு ஒரேயடியாகப் போகும்போது மாணவர்கள் அதில் 35 சதவீத வரி போக மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். 462 போன்ற விசாவில் வந்தவர்களுக்கு அந்த வரி 65 சதவீதம், அநியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். முழுக்கைச் சட்டை இல்லாமல் மரத்துக்குள் நுழையாதீர்கள், வெயில் இதமாகத் தெரிந்தாலும் தோலை உரித்துவிடும்.

மிச்சம் என்ன என்பவர்களுக்கு: விமானம், வாடகை, சாப்பாடு, ஸ்காலப் பை எல்லாம் போக அடுத்த செமஸ்டர் கட்டணத்தில் ஒரு துண்டைக் கட்டுகிற அளவுக்குத் தேறியது. முதல் வாரமே பாட்டி வீட்டில் இருந்திருந்தால் இன்னும் தேறியிருக்கும். ஹாஸ்டல் பாண்ட் 300 டாலரில் 180 வந்திருக்கிறது. மீதி சுத்தம் செய்த செலவாம். எட்டுப் பேர் அறையில் எங்கள் இரண்டு கட்டிலுக்கு 240 டாலர் சுத்தம்! ரசீது கேட்டுத் தோழி தினமும் காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனாள்.