பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு

சிறுநீரகம் தரப்போகும் கணவரின் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள். அதைப் பெறப்போகும் மனைவியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர். கூடவே முயல் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட், ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ஒட்டிய செல்லைத் துளைக்கும் புரதங்கள்.

இன்று மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்ன வேண்டிய செல்களில் பாதிக்கு மேல் சிவப்பு. சிவப்பு என்றால் செத்த செல். இருவருக்கும் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவ், அதாவது பொருந்தாது.

ரத்த வகை ஒன்றுதானே, பிறகு ஏன்?

அந்தம்மாவுக்கு இரண்டு பிரசவம். குழந்தை வழியாக அப்பாவின் எச்.எல்.ஏ.வை, அதாவது செல்மேல் இருக்கும் அடையாளப் புரதத்தை, பார்த்த உடம்பு, அன்றே ஆன்டிபாடி செய்யப் பழகிவிட்டது. வருஷங்கள் போனாலும் அது மறப்பதில்லை.

இதை மீறி சிறுநீரகத்தை வைத்தால், ரத்தம் பாய்ந்த சில நிமிஷத்தில் ஆன்டிபாடி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டும். காம்ப்ளிமென்ட் சுவரைத் துளைக்கும். ரத்தம் உறையும். இளஞ்சிவப்புச் சிறுநீரகம் மேஜையிலேயே கருநீலமாகும்.

1969-ல் ஆராய்ச்சியாளர்கள் படேலும் டெராசாகியும் வெளியிட்ட கணக்கு: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் வைத்த 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. நெகட்டிவ் 195-ல் 8 மட்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்களே, ரத்தம் ஏற்றுவதும் இதே ஆன்டிபாடியை உண்டாக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தால் முதலில் இரும்புச்சத்து, சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏற்றியே ஆகவேண்டுமென்றால் வெள்ளணு நீக்கிய ரத்தம். ஏற்றிய தேதியை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புது சீரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.