மருந்து அளக்கும் ஞாயிற்றுக்கிழமை

"மருந்தா? உடம்புக்கு என்ன கண்ணு?" என்று அம்மா பதறிவிட்டாள். ஒஹாயோவில் அப்போது காலை ஒன்பது மணி. அருவங்காட்டில் மாலை ஆறரை. விளக்கேற்றிவிட்டு எனக்குப் போன் போடுவது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். என்ன செய்கிறாய் என்று கேட்டாள், மருந்து அளந்துகொண்டிருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான். காய்ச்சலா, சளியா, அந்த ஊர் டாக்டர் என்ன சொன்னார், மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாயா என்று நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே போனாள். இது அந்த மருந்து இல்லை என்று சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை.

அப்பா போனை வாங்கினார். "என்ன மருந்துடா?"

"துப்பாக்கி மருந்துப்பா. தோட்டாவுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "போனை வை. மருந்து கையில இருக்கும்போது பேச்சு கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையில், 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வெடிமருந்து ஆலை அது. அந்தக் காலத்தில் அங்கே செய்தது கார்டைட். நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, கொஞ்சம் வாஸ்லின் சேர்த்துப் பிசைந்து கயிறு கயிறாக இழுப்பார்களாம். கயிறு மாதிரி இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அப்பா வீட்டில் பேசியதே இல்லை. கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதனாலேயே அவர் சட்டைப்பையில் சில்லறையைத் தவிர எதுவும் வைக்க மாட்டார். சம்பள நாளில் அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம் வரும். உள்ளே வர்க்கி.

சரி, அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். ஓட்டைகள் போட்ட பலகையில் ஐம்பது பித்தளைத் தோட்டாக் கூடுகள் நின்றன. மூன்றாவது வரிசையில் எங்கேயோ நிறுத்தியிருந்தேன். எந்தக் கூட்டோடு நிறுத்தினேன் என்று நினைவில்லை. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே ஒரே மாதிரி, ஆழத்தில் துளி சாம்பல் நிறம் தெரியும் இருட்டுக் கிணறுகள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பாவின் குரல் காதிலேயே இருந்தது. நிரப்பிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் கொட்டி நிறுத்தேன். மூன்றாவது வரிசையின் நாலாவது கூட்டில் இரண்டு பங்கு மருந்து இருந்தது.

கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதைச் சுட்டிருந்தால் ரிவால்வரின் சிலிண்டரே பிளந்திருக்கலாம். சனிக்கிழமைகளில் சுடுகளத்தில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் நிற்பார். அவருடைய கண்ணாடி போட்ட முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வேலை விசாவில் இருக்கிறவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் உடன் வேலை செய்பவர் ஒருவர் கூட்டிப்போய் முதல் ரிவால்வரைக் கையில் கொடுத்தார். ஐம்பதடி தூரத்தில் ஒரு காகித வட்டம். மூச்சை அடக்கி, விரலை மெதுவாக இழுக்க வேண்டும். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. ஈரி ஏரியின் கரையில் கேம்ப் பெரி என்று ஓர் இடம் இருக்கிறது. 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் இடம். ஒரு வருஷமாவது அங்கே போய் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாரா வாரம் சுடுகிறவர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, அளவுக்கு நெருக்கி, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, மருந்து ஊற்றி, குண்டை உட்கார வைப்பது. வேலை இவ்வளவுதான். இதில் மனசைக் குடைவது எந்த மருந்து என்ற கேள்வி ஒன்றுதான்.

முதல் தடவை மருந்து வாங்கப் போன நாள் மறக்காது. ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி ஒரு பவுண்டு டப்பாக்கள் அலமாரி முழுக்க அடுக்கியிருந்தன. யாரும் சட்டைப்பையைத் தடவவில்லை. காசு கொடுத்தேன், பையில் போட்டுக் கொடுத்தார்கள். கார் பார்க்கிங்கில் வந்து நின்றபோது மனசு என்னவோ செய்தது. அந்த டப்பாவில் இருக்கிற பொருளுக்காக அப்பா ஒவ்வொரு நாளும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் அன்று ஒரு வேக மருந்தைச் சிபாரிசு செய்தார். சிக்கனம் என்றார். அது உண்மைதான். மருந்தை நிறுக்கிற சின்ன எடை அளவு கிரெயின், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். வேகமாக எரிகிற மருந்து ஒரு தோட்டாவுக்குச் சில கிரெயின்களே போதும், ஒரு டப்பாவில் ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம். 2020க்குப் பிறகு மருந்தும் பிரைமரும் கிடைக்காமல் எல்லோரும் அலைந்ததைப் பார்த்தவன் என்பதால் சிக்கனம் என்ற சொல் என்னை இழுத்துவிட்டது.

நான் சுடுவதோ .38 ஸ்பெஷல். 1898 வாக்கில், கருமருந்துக் காலத்து அளவில் பிறந்த தோட்டா. கருமருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் அதற்கேற்ப நீளமான கூடு. இன்றைய புகையில்லா மருந்தோ அடர்த்தியானது, அந்த நீளக் கூட்டின் அடியில் கொஞ்சம்போல் கிடக்கும். இரண்டு பங்கு போட்டாலும் வாய் வரை வராது. அன்று என் டார்ச் ஏமாந்தது இதனால்தான். மருந்தின் மேல் தப்பில்லை. கவனம் சிதறினால் அந்த மருந்து காட்டிக்கொடுக்காது, அதுதான் விஷயம்.

அன்று இரவே தோட்டா நிரப்பும் கையேடுகளை விரித்து உட்கார்ந்தேன். எந்த மருந்து எவ்வளவு வேகம் என்று வரிசைப்படுத்திய அட்டவணை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து அளவை ஊகிக்கக் கூடாது. எந்த மருந்து எதற்கு அண்ணன், எதற்குத் தம்பி என்று மட்டும்தான் அது சொல்லும். அளவைக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். என் குண்டுக்கும் என் கூட்டுக்கும் போட்டிருக்கிற ஆரம்ப அளவில் தொடங்கி மேலே போவதே முறை. மெதுவாக எரிகிற மருந்து என்றால் பாதுகாப்பு என்பதும் தப்பு. .357 மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களுக்கான ஹெச்110 என்ற மருந்தைக் கையேட்டில் இருப்பதைவிடக் குறைத்துப் போடக் கூடாது என்று எச்சரிக்கையே இருக்கிறது. மருந்து சரியாக எரியாமல் குண்டு குழாயிலேயே சிக்கிக்கொண்டால், அதைக் கவனிக்காமல் சுடுகிற அடுத்த தோட்டா குழாயைக் கிழித்துவிடும்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது யூனிக். நூறு வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிற மருந்து. தட்டையான சின்னச் சின்ன வட்டங்கள், பொடித்த மிளகின் நிறம். கூட்டில் நன்றாக இடம் பிடிக்கும். என் கூட்டில், என் அளவில் தெரியாத்தனமாக இரண்டு பங்கு விழுந்தால் மருந்து வாய்க்குப் பக்கத்தில் எழும்பி நிற்கிறது. கண்ணுக்கு உடனே படுகிறது. எனக்கு அது போதும். டப்பா சீக்கிரம் தீர்ந்தால் தீரட்டும். பாதுகாப்பான மருந்து எது என்று யாராவது என்னைக் கேட்டால், கையேட்டில் உங்கள் தோட்டாவுக்கு இருப்பவற்றில் கூட்டை நன்றாக நிரப்புவதை எடுங்கள் என்பேன். விலையை அப்புறம் பார்க்கலாம்.

யூனிக்கில் இரண்டு தொல்லை உண்டு. கரி பிடிக்கும். சுட்டு முடித்தால் விரலெல்லாம் விறகடுப்பு ஊதிய கை மாதிரி இருக்கும். இன்னொன்று, அளவுக் கருவியில் சீராக விழாது. அந்தக் கருவி நிறுப்பதில்லை, நம் வீட்டுப் படி மாதிரி கொள்ளளவில்தான் அளக்கிறது. ஹெச்பி-38 என்ற மருந்து கசகசா மாதிரி சின்ன மணி, சரசரவென்று ஒரே அளவில் விழுந்துவிடும். யூனிக்கின் வட்டங்களோ ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். அம்மா அரிசி அளக்கும்போது படியை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் தலையை வழிப்பாள். ஒவ்வொரு படிக்கும் அதே தட்டு, அதே வேகம். நானும் கருவியின் கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தட்டப் பழகிக்கொண்டேன். பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்துப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அளவு மாறுவதே அபூர்வம்.

மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் மீதி மருந்து வந்த டப்பாவுக்கே திரும்பும். கராஜ் கதவைத் திறந்துவைத்தால் ஜனவரிக் குளிர் கன்னத்தில் அறையும். எனக்கு இந்தக் குளிர் பழகிவிட்டது, இந்த ஊரும் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், தூரத்தில் ஏதாவது ஒரு சைரன் கேட்டால் போதும், ஷிப்ட் முடிந்துவிட்டது, அப்பா இப்போது கேட்டைத் தாண்டியிருப்பார் என்று கை தானாக நின்றுவிடுகிறது.

அந்த இரண்டு பங்கு விஷயத்தை ஒரு மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். திட்டவில்லை. "எத்தனை கூட்டைக் கொட்டிப் பார்த்த?" என்று கேட்டார். நிரப்பிய எல்லாவற்றையும் என்றேன். "ம்" என்றார். அப்புறம் முதல் தடவையாகப் பேக்டரிக்குள் நடந்ததைச் சொன்னார். உலர்த்தும் கொட்டகையில் யார் எங்கே நிற்க வேண்டும், ஏன் நடக்கும்போது காலைத் தேய்க்கக் கூடாது, எதைத் தொட்ட பிறகு எதைத் தொடக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போன் சமையலறையில் இருக்கும். மணியடித்தால் மனைவி எடுப்பாள். "மருந்து அளந்துட்டு இருக்கார் மாமா" என்பாள். "சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று அவர் வைத்துவிடுவார்.