காலி எடை

ஜூன் 12, 2025

மூன்று நாளாக அப்பா படுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகில் கைகளை ஊன்றியபடியே ராத்திரியைக் கழிக்கிறார். மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது. புளியரையில் சாரல் பிடித்துவிட்டது, அதுதான் இரைப்பு என்றாள் அத்தை. போன வாரம் பார்த்த கிளினிக்கிலும் ஆஸ்துமா என்று ஆவி வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் என்று சொல்லியும்.

இன்று விடிகாலை வேட்டி விலகியபோதுதான் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுகிறது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கிறது. பத்து வரை எண்ணினேன். தம்பி காரை எடுத்தான். தென்காசியில் நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டரை லிட்டர் சிறுநீர் போனது. இப்போது ஒரே தலையணையில் படுத்துக் குறட்டை விடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 16

வீட்டுக்கு வந்தாச்சு. சேர்த்த அன்று 72.8 கிலோ, இன்று 67.4. குறைந்ததெல்லாம் தண்ணீர்.

காரணமும் தெரிந்தது. முட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக்கை 12 நாள் விழுங்கியிருக்கிறார். பலவீனமான இதயத்துக்கு அந்த வகை வலி மாத்திரை எதிரி. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முட்டு வலிக்கெல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார் டாக்டர். சிறுநீர் கழித்த பின், காபி குடிக்கும் முன், அதே வேட்டியோடு. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும். எடை மிஷின் வாங்கி வந்தேன். அப்பா 31 வருஷம் எடைமேடையில் லாரி எடை போட்டவர். புது மிஷினை நம்புவாரா? முதலில் காலிக் குடத்தை வைத்தார், அப்புறம் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி வைத்தார். வித்தியாசம் 10.1 காட்டியது. "நூறு கிராம் தள்ளுது. போகட்டும்."

அப்புறம் என்னைப் பார்த்து, "ஏட்டி, 67.4தான் வண்டியோட காலி எடை. அதுக்கு மேல ஏறுறதெல்லாம் லோடு. அம்புட்டுதானே?" என்றார். டாக்டர் கால் மணி நேரம் விளக்கியது இதைத்தான்.

ஜூன் 19

திருவனந்தபுரம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழி. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. தாத்தா காலத்தில் வழக்கு, வைத்தியம் எல்லாம் அந்தப் பக்கம்தான். நாங்களும் பெரிய வியாதி என்றால் மலை ஏறி இறங்கிவிடுகிறோம்.

"அப்பூப்பா, காலில் நீரு உண்டோ?" என்று நர்ஸ் கேட்டாள். அப்பா, "தண்ணி கொண்டு வந்திருக்கோம்மா" என்று பையைக் காட்டினார். அவள் கேட்டது வீக்கத்தை.

எக்கோ ஸ்கேனில் பம்பிங் 30 சதவீதம். இதயத்தில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு அவ்வளவுதான் வெளியே போகிறது. நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்க வேண்டும். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று சீட்டில் எழுதியிருந்ததை அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். "நான் எட்டாங்கிளாஸ்லயே ஃபெயில்தான் டாக்டர்." டாக்டர் சிரித்துவிட்டு, இதயம் நின்றுபோனது என்று அர்த்தமில்லை, தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

நாலு மருந்து, எல்லாம் சின்ன அளவில். சாக்குபிட்ரில்-வால்சார்டான், பைசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், எம்பாக்ளிஃப்ளோசின். முன்பெல்லாம் ஒன்றைத் தொடங்கி, மாசக்கணக்கில் காத்திருந்து, அடுத்ததைச் சேர்ப்பார்களாம். 2022இல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பொறுமையை உடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த இரண்டே வாரத்தில் மருந்தை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி வரவழைத்துப் பார்த்தவர்களில், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும் சேர்த்துச் சுமார் 15 சதவீதம். பழைய முறையில் 23. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் நிதானமாக ஏற்றலாம் என்றார்.

இதுவரை சாப்பிட்ட ராமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழிந்த பிறகே சாக்குபிட்ரில் தொட வேண்டும். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கிவிடக்கூடும். அப்பா விரல் விட்டு எண்ணினார்: கடைசி மாத்திரை இன்று காலை 7, அப்படியானால் நாளை ராத்திரி 7.

ஜூன் 28

வீட்டில் ஒரே கலவரம். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் சிறுநீரையும் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை மூன்று பிளஸ். அத்தை ஆரியங்காவிலிருந்து போன் செய்து அழுகிறாள். "எங்க அண்ணனுக்குச் சீனி வியாதியும் வந்துட்டே!"

வரவில்லை. எம்பாக்ளிஃப்ளோசின் வேலையே அதுதான். சிறுநீரகம் திரும்ப உறிஞ்ச வேண்டிய சர்க்கரையை உறிஞ்சவிடாமல் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. கூடவே கொஞ்சம் உப்பும் நீரும் போகிறது. சர்க்கரை நோய்க்கென்று வந்த இந்த வகை மருந்து, சர்க்கரையே இல்லாத இதய நோயாளிக்கும் உதவும் என்று 2019, 2020இல்தான் பெரிய ஆய்வுகள் காட்டின. ரத்தத்தில் சர்க்கரை 94. இதை அத்தைக்குப் புரியவைக்க 40 நிமிஷம் ஆனது. கடைசியில் அவள் கேட்டது, "அப்போ லட்டு தின்னலாமா?"

விலையையும் எழுதி வைக்கிறேன். ஒரு மாத்திரை 60 ரூபாய் பக்கம் விற்றதாம். மார்ச்சில் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் போடுகின்றன. நாங்கள் வாங்கியது 11 ரூபாய்.

ஜூலை 4

பொட்டாசியம் 5.8. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. டாக்டர் போனிலேயே, "தினமும் என்ன குடிக்கிறார்?" என்றார். இளநீர். உடம்புக்குக் குளிர்ச்சி என்று அத்தை மகன் தினமும் இரண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறான். சாக்குபிட்ரில்-வால்சார்டானும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். இளநீரில் அதுவே மண்டிக் கிடக்கிறது. எகிறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். நல்லவேளை, மாற்றம் இல்லை. இளநீர் கட். ஸ்பைரோனோலாக்டோன் நாலு நாள் நிறுத்தம், பிறகு பாதி. 1999இலேயே, கடுமையாகத் தளர்ந்த இதயக்காரர்களின் இறப்பை 30 சதவீதம் குறைத்துக் காட்டிய மாத்திரை அது. ஒரேயடியாக விட்டுவிட மனமில்லை என்றார்.

நானும் ஒன்று செய்யவிருந்தேன். உப்புக்குப் பதில் 'லோ சோடியம்' உப்பு வாங்கி வைத்திருந்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்கவும் யோசனையாக இருந்தது, அவள் புருஷனுக்கும் கிட்னிக் கோளாறு. குப்பையில் போட்டேன்.

ஜூலை 20

66.9. எழுந்ததும் தலைசுற்றல், பிரஷர் 96/60. லேசிக்ஸைப் பாதியாக்கினார்கள். வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 3

தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தேன். தேடியிருக்கக் கூடாது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்த நோயோடு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இறந்துவிட்டார்கள். அந்த வரியோடு போனைக் கவிழ்த்துவிட்டேன்.

அரை மணி கழித்து மறுபடி எடுத்தேன். பம்பிங் குறைந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அன்றைக்கு இருந்த சரியான மருந்துகள் மொத்தமும் எழுதப்பட்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கமே, அதுவும் அவ்வளவு ஆஸ்பத்திரி உள்ள ஊரில். சாக்குபிட்ரில் ஆய்வு முடிவு வந்ததே 2014இல்தான். அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாலும் இருந்தது.

செப்டம்பர் 6

நேற்று அத்தை வீட்டில் ஓணம். அப்பா இலையில் கை வைக்கும் முன் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். மாங்காய் ஊறுகாய், இஞ்சிப்புளி, உப்பேரி, பப்படம் இரண்டு. மூன்று மாதம் அரை உப்பில் தின்ற நாக்கு.

இன்று காலை 69.0. ஒரே ராத்திரியில் 1.8 கிலோ. திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். எடை ஏறினால் மூன்று நாளைக்கு ஒரு லேசிக்ஸ் அதிகம் போட டாக்டர் எழுதிக் கொடுத்தது. போட்டுவிட்டாராம். "ஓவர்லோடு. இறக்கிருவோம்."

செப்டம்பர் 9: 67.3.

செப்டம்பர் 25

எக்கோ. நான் வெளியே உட்கார்ந்து சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மருந்தும் மூன்று மாதம் முழுதாகப் போன பிறகும் பம்பிங் 35க்கு மேல் வராவிட்டால் நெஞ்சில் ஐசிடி வைக்க வேண்டியிருக்கும், துடிப்பு திடீரென்று ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்து மீட்கிற கருவி, பணம் புரட்டி வையுங்கள் என்று போன தடவையே சொல்லியிருந்தார்கள். தம்பி நிலப் பத்திரத்தைக் காரிலேயே வைத்திருந்தான். எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

39.

ஐசிடி இப்போது வேண்டாம். ஒரு மருந்தையும் நிறுத்தக் கூடாது, நன்றாகிவிட்டது என்று நிறுத்தியவர்களுக்கு மறுபடி விழுகிறது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

வரும் வழியில் மலை இறங்கி சோதனைச் சாவடிப் பக்கம் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். எதிரே எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று கேரளா பக்கம் நின்றது. அப்பா கண்ணாடியை இறக்கி அதன் பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் முகத்தில் அடித்தது, கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், கேட்கவில்லை.

"நாலு டன் கூட ஏத்திருக்கான்" என்றார்.