ரப்பர் மரமெல்லாம் சொந்தக்காரங்க

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் தோட்டமா வரும்ல, அது மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்னா நம்புவீங்களா? 1876ல ஹென்றி விக்காம்னு ஒரு வெள்ளக்காரர் பிரேசில்ல தப்பஜோஸ் ஆத்துப் பக்கம் சுமார் 70,000 விதை சேத்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு கொண்டு போறார், மொளச்சது என்னவோ 2,700 சொச்சம்தான், அதுல பெரும்பகுதி சிலோனுக்கு கப்பலேறுது, சிங்கப்பூருக்கு அடுத்த வருஷம் போனது வெறும் 22 கன்னு. மலேயால நம்ம சனங்க பால் வெட்டின மரமெல்லாம் பெரும்பாலும் இந்த வம்சந்தான். போதாக்குறைக்கு பால் நல்லா வர்ற மரத்துலருந்து மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி இப்ப தோட்டம் தோட்டமா ஒரே குளோன், அதாவது ஒரே மரத்தோட நகல், நிக்குது.

விளைச்சலுக்கு ஓகே, ஆனா எல்லாம் ஒரே வம்சம்னா ஒரு நோய் வந்தா எல்லாத்துக்கும் ஆபத்து. அமேசான்ல ஒரு இலைக்கருகல் பூஞ்சை இருக்கு, காட்டுல ரப்பர் மரம் தள்ளித் தள்ளி நிக்கிறதால பெருசா பரவாது, கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு 1928ல பிரேசில்ல ஆரம்பிச்ச ஃபோர்ட்லாண்டியாங்குற ரப்பர் தோட்டத்துல நெருக்கி நட்டாங்க பாருங்க, தின்னு தீத்துருச்சு. நல்லவேளை அது இன்னும் இந்தப் பக்கம் வந்து காலூனல. வம்சத்த விரிவாக்கணும்னு 1981ல மறுபடி அமேசானுக்கே போய் காட்டு ரப்பர் விதை சேகரிச்சு மலேசியாவுக்கும் கொண்டு வந்தாங்க, ஆனா அதுல பால் கம்மி, கலப்பினம் பண்ணத்தான் ஆகும், வருமானத்த விட்டுட்டு எந்த விவசாயி அத அப்படியே நடுவார் சொல்லுங்க?