முள் தெரிந்தது, நரம்பு தெரியவில்லை

19 வருஷமாகப் புதுச்சேரியில் மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்ச இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்பது தூக்கத்தில்கூட வாயில் வரும். போன மாசியில் கடலூரிலிருந்து தெரிந்த கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். நோயாளி, பங்குனி ஆமை என்னும் கடலாமை. எங்கள் தேவனாம்பட்டினம் பக்கம் சாய்ந்தபடி மிதந்ததாம், முங்க முடியவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் தொட்டோம்.

மேலிருந்து எடுத்த படத்தில் ஓடு, நுரையீரல், குடல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கும், குடல் அதற்குக் கீழே. மல்லாத்தினால் குடலின் பாரம் நுரையீரலை அழுத்தும். அதனால் கவிழ்த்த பிளாஸ்டிக் தொட்டிமேல் உட்காரவைத்து, துடுப்புகளைத் தொங்கவிட்டு, எக்ஸ்ரே டியூபைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பக்கத்திலிருந்து எடுத்தேன். இப்போது பிரிந்து தெரிந்தது: உணவுக்குழாயில் தூண்டில் முள், குடலெல்லாம் வாயு.

படத்தைப் போனில் அப்பாவிடம் காட்டினேன். 30 வருஷம் கடலுக்குப் போனவர். "முள்ளு சரி, நரம்பு எங்கடா?" என்றார்.

அதுதான் சிக்கல். இரும்பு படத்தில் பளிச்சென்று விழும், முள்ளைக் கட்டியிருக்கும் நைலான் இழை, அதாவது தூண்டில் நரம்பு, விழவே விழாது. முள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கி, கடைசியில் நரம்பே அதை அறுத்துவிடும்.

பின்துடுப்புக்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார் மருத்துவர். வாயு மறைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடலுக்குள் விட்டால் அது போகும் வழி தெரியும். குடல் ஏற்கெனவே அறுந்திருந்தால் வழக்கமான பேரியம் உள்ளே கசிந்து வேறு வம்பாகும் என்று, அயோடின் மருந்தைக் குழாய் வழியாக விட்டார். ஆமையின் உணவுக்குழாய்க்குள் வயிற்றைப் பார்த்தபடி வரிசை வரிசையாக முட்கள் (தின்ற சொறிமீன் நழுவி வெளியே வராமலிருக்க). அதையும் தூண்டில் முள்ளையும் தாண்டிக் குழாயை இறக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே!

மருந்து குடலைக் கடப்பது மனிதருக்குச் சில மணி நேர வேலை. ஆமைக்கு நாள் கணக்கு. டூட்டி முடித்து பைக்கில் போய் தினம் ஒரு படம் எடுத்தேன். வீட்டில் திட்டு. 5-ஆம் நாள் மருந்து ஓரிடத்தில் கொசுவம் கொசுவமாக நின்றது.

அறுவை சிகிச்சையில் முள்ளோடு வெளியே வந்த நரம்பு இரண்டு முழம் இருக்கும். அப்பா விரலில் உருட்டிப் பார்த்தார்.

"நல்ல நரம்புடா." அப்புறம், "சாப்பிடுதா?"

"நேத்து ஒரு நண்டு தின்னுச்சு. இன்னும் கொஞ்சம் சாஞ்சுதான் மிதக்குது."